ஆல்ஃப் காமன்: அந்த 1000 பவுண்டு யாருக்குப் போனது, எதற்கு உதவியது?

கோட்டுக்காவலர் | #1

ஆல்ஃப் காமன் என்ற பழைய இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரரைத் தேடினால் எங்கே போனாலும் இரண்டே வரிதான் கிடைக்கும். ஒன்று, "1000 பவுண்டுக்கு விலைபோன முதல் ஆட்டக்காரர்." இன்னொன்று, "மிடில்ஸ்பரோவை இரண்டாம் டிவிஷனுக்குப் போகாமல் காப்பாற்றியவர்." முதல் வரியில் சண்டை இல்லை. இரண்டாவது வரியை யாரும் புள்ளிப்பட்டியலைப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் எலும்புக்கூடு. 1880 மே 25, சண்டர்லேண்ட் நகரின் மில்ஃபீல்டில் பிறப்பு. ஜாரோ அணியில் ஆடிவிட்டு 1900ல் சண்டர்லேண்ட். 1901 அக்டோபரில் 325 பவுண்டுக்கு ஷெஃபீல்ட் யுனைடெட். 1904 கோடையில் 520 பவுண்டுக்கு மறுபடி சண்டர்லேண்ட். 1905 பிப்ரவரியில் 1000 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோ. 1910ல் வூல்விச் ஆர்சனல். 1912 டிசம்பரில் 250 பவுண்டுக்கு பிரெஸ்டன் நார்த் எண்ட். 1914ல் ஆட்டத்தை நிறுத்தினார். இங்கிலாந்துக்கு 3 ஆட்டம், 2 கோல்.

கேள்விகள்: பணம் யார் கைக்குப் போனது? மிடில்ஸ்பரோவுக்கு அது உண்மையில் உதவியதா? உதவியது என்றால் எப்போது?

கணக்கப்பிள்ளை | #2

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பட்டியலே பதில் சொல்கிறது.

1904–05ல் முதல் டிவிஷனில் (அன்று லீக்கின் உச்சப் பிரிவு அதுதான்) 18 அணிகள். நியூகாசில் முதலிடம், எவர்ட்டன் ஒரு புள்ளி பின்னால். மிடில்ஸ்பரோ 15வது. கடைசி இரண்டு இடத்தில் பெரி (Bury), நாட்ஸ் கவுண்டி. வழக்கப்படி அந்த இரண்டும் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் கோடையில் லீக் முதல் டிவிஷனை 20 அணியாகப் பெருக்கியது. மேலே வந்தவை லிவர்பூலும் போல்ட்டனும், கீழே போனது பூஜ்யம்.

அதாவது 1905ல் கடைசி இரண்டு இடத்தில் முடித்த அணிகளே முதல் டிவிஷனில் தொடர்ந்தன. எந்த ஆபத்திலிருந்து காமன் காப்பாற்றினார் என்று சொல்கிறார்களோ, அந்த ஆபத்து அந்த வருடம் யாரையும் கடிக்கவில்லை.

உள்இடது | #3

@கணக்கப்பிள்ளை அண்ணே, பட்டியல் சரி. ஆனா தேதியையும் பாருங்க. காமனை வாங்கினது பிப்ரவரி நடுவுல. டிவிஷனைப் பெருக்கினது சீசன் முடிஞ்ச பிறகு. பிப்ரவரியில மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்த இயக்குநர்களுக்கு, கடைசி ரெண்டு இடம்னா இறக்கம், அவ்வளவுதான் தெரியும். முடிவை வெச்சு முடிவெடுத்தவங்களை எடை போடக் கூடாது.

அவங்க பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1899லதான் தொழில்முறை அணியா மாறினாங்க, 1902ல மேல வந்தாங்க, 1903ல எயர்சம் பார்க் கட்டினாங்க. ஆர்க்கிபால்ட் லீச் வரைஞ்சு கொடுத்த மைதானம். திறப்பு ஆட்டத்துலயே சண்டர்லேண்ட் 3–2ன்னு ஜெயிச்சிட்டுப் போயிடுச்சு. புது மைதானத்தை வெச்சுக்கிட்டு ரெண்டாம் டிவிஷனுக்குப் போனா வாசல்ல வர்ற ஆறு பென்னி டிக்கெட் காசு குறையும். அதைக் கணக்குப் போட்டா 1000 பவுண்டு பைத்தியக்காரத்தனம் இல்லை, காப்பீடு.

கோட்டுக்காவலர் | #4

காப்பீடு என்ற சொல் பொருத்தம்தான். அப்படியானால் பிரீமியம் கட்டியது எந்த விபத்துக்கு என்பதே கேள்வி. முதல் ஆட்டத்தையும் சொல்லிவிடுவோம், அது நாடகம் போலத்தான் அமைந்தது: 1905 பிப்ரவரி 25, பிராமல் லேன். எதிரணி காமனின் பழைய கிளப்பான ஷெஃபீல்ட் யுனைடெட். ஒரே கோல், காமன் அடித்த பெனால்டி. வெளியூரில் ஏறத்தாழ இரண்டு வருடமாக ஜெயிக்காத மிடில்ஸ்பரோ 1–0 என்று ஜெயித்தது. "1000 பவுண்டு முதல் நாளே வட்டி கொடுத்தது" என்ற கதை பிறந்தது அன்றுதான்.

சிவப்புக்கொடி | #5

அந்தப் பெனால்டியை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெனால்டி ஏரியா, 12 கெஜப் புள்ளி, ஆறு கெஜக் கட்டம் எல்லாம் 1902ல் வந்தவை. அதற்கு முன் மைதானத்தின் குறுக்கே 12 கெஜத்தில் ஒரு கோடு; அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். 1905 பிப்ரவரியில் புள்ளி வந்துவிட்டது. ஆனால் கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்ற விதி வரவில்லை. அது அந்த வருடக் கோடையில்தான் வந்தது. அதுவரை கீப்பர் ஆறு கெஜம் முன்னால் வந்து நிற்கலாம். 12ல் 6 போனால் 6. அடிப்பவருக்கும் கீப்பருக்கும் நடுவே ஆறே கெஜம். கீப்பர் மறைக்க வேண்டிய அகலம் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஆகவே அப்போதைய பெனால்டிக்காரர்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்: கீப்பருக்கு மேலே தூக்குவது, அல்லது அவர் கை நீளும் முன் பக்கவாட்டில் பலமாக அறைவது. மெதுவாக ஓரத்தில் உருட்டுவது தற்கொலை. சில மாதம் கழித்து நடந்திருந்தால் அதே பெனால்டி பாதி வேலை.

தோல்பந்து | #6

சிவப்புக்கொடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "அந்தக் காலத்துப் பந்து இரும்புக் குண்டு" என்று எல்லோரும் எழுதுவார்கள். விதிப்படி ஆட்டத் தொடக்கத்தில் 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 370 முதல் 425 கிராம். இன்றைய விதி 410 முதல் 450. காய்ந்த நிலையில் அன்றைய பந்துதான் லேசு! சிக்கல் தண்ணீர் குடிப்பதில். தைத்த தோல், உள்ளே ரப்பர் பிளாடர், வாயில் வார்க்கட்டு. டீஸ் நதிக்கரை மழையில் அரைமணி உருண்டால் எடை ஏறும், வார்க்கட்டு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். தலையால் அடிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தாவுவார்கள்.

காமன் உயரமானவரில்லை. ஐந்தடி எட்டங்குலம், 13 ஸ்டோன், அதாவது 82 கிலோவுக்கு மேல். குண்டு என்பதைவிடக் கட்டை என்பதே சரி. கீப்பரையே தோளால் இடிக்க அனுமதி இருந்த காலத்தில் அந்த எடைக்கு மதிப்பு அதிகம். கீப்பர் கையில் பந்து இருந்தால் இடித்துப் பந்தோடு கோலுக்குள் தள்ளலாம், கோல்தான்.

நடுப்பாதி | #7

நல்ல இழை. ஒரு சின்னச் சந்தேகம். 1902 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றிக் கோல் காமன் அடித்தார்னு படிச்சேன். சரியா?

கோட்டுக்காவலர் | #8

இல்லை. அந்த இறுதி இரண்டு ஆட்டம். ஏப்ரல் 19, கிரிஸ்டல் பேலஸ்: ஷெஃபீல்ட் யுனைடெட் 1, சவுத்தாம்ப்டன் 1. ஷெஃபீல்டின் கோல் காமனுடையது. கடைசி நேரத்தில் ஹாரி வுட் சமன் செய்தார். அந்தக் கோல் ஆஃப்சைட் என்று கோபப்பட்டு கீப்பர் ஃபோக், துணி கூட இல்லாமல் நடுவரைத் தேடிப்போன கதை இதுதான். அவர் காமனைப்போல இரண்டு பேர் எடை, நடுவர் எப்படி உணர்ந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 26ல் மறு ஆட்டம், 2–1. அதில் கோல் அடித்தவர்கள் ஹெட்லியும் பார்ன்ஸும். காமனுக்குக் கோப்பைப் பதக்கம் உண்டு, வெற்றிக் கோல் இல்லை.

இன்னொரு வேடிக்கை: அவர் விட்டுவிட்டு வந்த சண்டர்லேண்ட் அதே 1901–02ல் லீக் சாம்பியன். எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் அந்த வருடம் பதக்கம்தான்.

உள்இடது | #9

ஃபோக் ரெண்டு பேர் எடைன்னு சொல்றது கொஞ்சம் அதிகம் அண்ணே. :) ஒன்றரைன்னு வெச்சுக்கலாம்.

நடுப்பாதி | #10

நன்றி. அப்போ முதல் கேள்விக்கு வரலாமா? 1000 பவுண்டுல காமனுக்கு எவ்வளவு?

கணக்கப்பிள்ளை | #11

சட்டப்படி பார்த்தால் அந்த ஆயிரத்தில் ஒரு பென்னி கூட இல்லை. விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காமனின் வாழ்க்கையே இந்த நடைமுறைக்குள்தான் ஓடுகிறது.

அன்று ஆட்டக்காரர் கையெழுத்துப் போடுவது ஒரு சீசனுக்கு. ஏப்ரல் முடிவில் ஒப்பந்தம் முடியும். சாதாரண வேலையாளாக இருந்தால் மறுநாள் வேறு முதலாளியிடம் போகலாம். ஆட்டக்காரரால் முடியாது. கிளப் சீசன் முடிவில் லீக்குக்குப் பட்டியல் அனுப்பும்: இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களுக்கு இன்ன விலை, இவர்களை விட்டுவிடுகிறோம். முதல் இரண்டு வகையில் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்தும் பதிவு கிளப்பிடமே இருக்கும். அந்தப் பதிவுத் தாளைக் கிளப் கொடுத்தால்தான் வேறு லீக் அணி அவரை இறக்க முடியும். விலை அதிகம் என்று ஆட்டக்காரர் நினைத்தால் லீக் நிர்வாகக் குழுவிடம் முறையிடலாம். குறைப்பதும் குறைக்காததும் அவர்கள் விருப்பம். அந்தக் குழுவில் இருப்பவர்களோ கிளப்காரர்கள்.

1000 பவுண்டு என்பது அந்தத் தாளின் விலை. ஆளின் சம்பளம் வேறு கணக்கு. 1901–02 சீசனிலிருந்து எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) போட்ட உச்சவரம்பு வாரம் 4 பவுண்டு. ஜெயித்தால் போனஸ் என்பதும் தடை. புது கிளப்பில் கையெழுத்துப் போட அதிகபட்சம் 10 பவுண்டு. கோடை விடுமுறையிலும் முழுச் சம்பளம் கொடுத்தால்கூட வருடத்துக்கு 208 பவுண்டு. 1000ஐ 208ஆல் வகுத்தால் 4.8. அதாவது, உச்சச் சம்பளம் வாங்கும் ஓர் ஆட்டக்காரரின் ஐந்து வருடச் சம்பளம் அளவுக்கு, அவர் தலைக்கு மேலே இரண்டு கிளப் கைமாற்றிக்கொண்டது. சட்டப்படி அவருக்குக் கிடைக்கக்கூடியது அந்த 10 மட்டும்.

நடுப்பாதி | #12

அப்படின்னா அவர் ஏன் போகணும்? சண்டர்லேண்ட்லயும் 4 பவுண்டு, மிடில்ஸ்பரோவிலயும் 4 பவுண்டு. பட்டியல்ல மேல போட்டியிடுற அணியை விட்டு மூழ்குற அணிக்கு யார் போவாங்க?

சிவப்புக்கொடி | #13

இதுதான் அந்தக் காலத்துக் கேள்வி. உச்சவரம்பு போட்டால் பணக்கார கிளப்புக்கும் ஏழை கிளப்புக்கும் சம்பளத்தில் வித்தியாசம் இராது என்று எஃப்.ஏ. நினைத்தது. வித்தியாசம் மேஜைக்குக் கீழே போனது, அவ்வளவுதான்.

காமன் மேல் இதைச் சுமத்தவில்லை; சூழல் எப்படி என்று மட்டும். சண்டர்லேண்ட் பின்களத்து வீரர் ஆண்ட்ரூ மெக்கோம்பிக்குக் கிளப் 100 பவுண்டு கொடுத்தது, தொழில் தொடங்க. கடனா, அன்பளிப்பா என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், எஃப்.ஏ. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்படி ஆனது. முடிவு: கிளப்புக்கு 250 பவுண்டு அபராதம், ஆறு இயக்குநர்களுக்கு இரண்டரை வருடத் தடை. மெக்கோம்பி 1904ல் நியூகாசிலுக்குப் போனார், 700 பவுண்டுக்கு. காமன் உடைத்த சாதனை அந்த 700தான்.

மிடில்ஸ்பரோவும் தப்பவில்லை. 1906ல் எஃப்.ஏ. ஆய்வுக் குழு போனபோது முறைகேடான போனஸ்கள் வெளிவந்தன. அங்கேயும் 250 அபராதம், 12 இயக்குநரில் 11 பேர் தடை. ஒருவர் மட்டும் மிச்சம். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்கூடக் கிடைத்திருக்காது.

உள்இடது | #14

இதுல ஒரு ஆளை விட்டுட்டீங்க: அலெக்ஸ் மேக்கி. காமனை மிடில்ஸ்பரோவுக்கு வித்தப்ப சண்டர்லேண்ட் மேனேஜர். நாலு மாசத்துல, 1905 ஜூன்ல, அவரே மிடில்ஸ்பரோ மேனேஜர்! சரக்கை வித்த கையோட கடையையும் மாத்திக்கிட்டார். 1906 விவகாரத்துல அவரும் தடைக்கு உள்ளாகி வெளியே போனார்.

காமன் வாங்கப்பட்டப்ப மிடில்ஸ்பரோவுல இருந்தவர் ஜான் ராப்சன். பின்னாடி 1914லேர்ந்து மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்தினாரே, அவரேதான்.

கணக்கப்பிள்ளை | #15

சண்டர்லேண்ட் பக்கத்து வியாபாரத்தையும் எழுதிவிடலாம். 1904 கோடையில் 520 கொடுத்து வாங்கினார்கள் என்கிறோம். அந்த 520 காமனுக்கு மட்டுமல்ல. லூயிஸ் என்ற கீப்பரும் அதே மூட்டையில் வந்தார். எட்டு மாதத்துக்குள் காமனை மட்டும் 1000க்கு விற்றார்கள். மூட்டை விலையை முழுக்கக் காமன் தலையில் போட்டால்கூட 480 லாபம். கீப்பரைக் கழித்தால் இன்னும் மேலே. அபராதம் 250ஐயும் கட்டிவிட்டு மிச்சம் வைக்கலாம்.

இந்த மூட்டை முறையை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

தோல்பந்து | #16

350 பவுண்டு வரம்புக்கு வருகிறீர்கள் என்று புரிகிறது. நான் சொல்லிவிடுகிறேன். காமன் விலையால் எழுந்த புகைச்சல் எஃப்.ஏ.வை ஒரு விதிக்குத் தள்ளியது: 1908 ஜனவரி முதல் எந்த டிரான்ஸ்ஃபரும் 350 பவுண்டைத் தாண்டக் கூடாது. சில மாதத்திலேயே திரும்பப் பெற்றார்கள்.

ஏன் நிற்கவில்லை? ஓர் ஆட்டக்காரருக்கு 700 வேண்டும் என்றால், அவரோடு யாருக்கும் வேண்டாத இன்னொருவரைச் சேர்த்து ஆளுக்கு 350 என்று எழுதினால் போதும். காகிதத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபர், விதி மீறல் இல்லை. துணைக்கு வந்தவர் ரிசர்வ் அணியில் ஒரு மூலையில் கிடப்பார். விலைக்கு வரம்பு போடலாம், தலைக்கு வரம்பு போட மறந்துவிட்டார்கள்.

கோட்டுக்காவலர் | #17

சரி, இப்போது ஆட்டத்துக்கு வருவோம். பணத்தைப் பற்றியே பேசினால் ஆளை மறந்துவிடுவோம். 1905 முதல் 1910 வரை மிடில்ஸ்பரோவுக்கு 168 லீக் ஆட்டம், 58 கோல். அவர் வெறும் சென்டர் ஃபார்வர்டு இல்லை, உள்முனையிலும் ஆடியவர். அன்றைய 2-3-5 அணிவகுப்பில் (பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னால் ஐவர்) உள்முனைக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, ஓரத்துக்கும் நடுவுக்கும் பிரித்துக் கொடுப்பவர். அந்த இடத்துக்கு மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் என்பது குறைவில்லை.

ஆஃப்சைடையும் சேர்த்துப் பாருங்கள். முன்னால் மூன்று எதிரணிக்காரர் இருக்க வேண்டும். அது 1925 வரை. 1907 வரை சொந்தப் பாதியில் நின்றால்கூட ஆஃப்சைட் விழும். ஒரு பின்களத்து வீரர் முன்னே நகர்ந்தாலே வலை விழுந்துவிடும். இந்த விதியில் நீண்ட பாஸுக்குப் பின்னால் ஓடிப் பயனில்லை. காலோடு பந்தை வைத்துக்கொண்டு உடம்பால் வழி திறப்பவர்தான் வேண்டும். காமனின் கட்டுடம்பு இங்கேதான் விலை பெற்றது.

உள்இடது | #18

58 கோல் நல்ல எண்ணிக்கைதான். ஆனா பக்கத்துலயே புளூமர் நிக்கிறார். 1906 மார்ச்ல டெர்பி கவுண்டியிலேர்ந்து ஸ்டீவ் புளூமரை 750க்கு வாங்கினாங்க. வயசு 32. காமன் வந்தப்ப வயசு 24. மிடில்ஸ்பரோவுக்கு புளூமர் கணக்கு: 125 லீக் ஆட்டம், 59 கோல்.

கோலுக்கு எவ்வளவுன்னு வகுத்தா காமன் 17 பவுண்டுக்கு மேல, புளூமர் 13க்குக் கீழ. வயசானவரை மலிவா வாங்கி அதிகம் கறந்திருக்காங்க. அப்ப 1000 பவுண்டு வீண்னு சொல்லலாமா?

கணக்கப்பிள்ளை | #19

சொல்லக்கூடாது. இந்த இழையின் விடையே இந்த இடத்தில்தான் இருக்கிறது, பொறுங்கள்.

கோலுக்கு விலை போடுவது தப்பான தராசு. புளூமர் கோல் அடிக்க மட்டுமே பிறந்தவர். லீக்கில் மொத்தம் 352. அவரோடு ஒப்பிட்டால் யாருமே நஷ்டக் கணக்குத்தான்.

1905–06 பட்டியலைத் திறங்கள். இப்போது 20 அணி, கடைசி இரண்டுக்கு உண்மையிலேயே இறக்கம். வுல்வ்ஸ் 23 புள்ளியோடு கடைசி. அதற்கு மேலே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 31 புள்ளி. அதற்கு மேலே மிடில்ஸ்பரோ, அதே 31. ஃபாரஸ்ட் 13 ஆட்டம் ஜெயித்திருக்கிறது, மிடில்ஸ்பரோ 10தான். ஆனால் மிடில்ஸ்பரோ 11 சமன். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று, ஆகவே இரண்டும் சமம்.

அன்று கோல் வித்தியாசம் கிடையாது, கோல் ஆவரேஜ். அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். மிடில்ஸ்பரோ 56 அடித்து 71 வாங்கியது: 0.789. ஃபாரஸ்ட் 58 அடித்து 79 வாங்கியது: 0.734. ஃபாரஸ்ட் கீழே போனது.

மிடில்ஸ்பரோவின் 56ஐ 52 ஆக்கிப் பாருங்கள். 52ஐ 71ஆல் வகுத்தால் 0.732. ஃபாரஸ்ட் தப்பியிருக்கும், மிடில்ஸ்பரோ போயிருக்கும். புள்ளி மாறாமல் வெறும் நான்கு கோல். அந்த நான்கில் ஏதாவது ஒன்று ஆட்ட முடிவையே மாற்றியிருந்தால் கணக்கே வேண்டாம், ஒரு புள்ளி குறைந்தால் முடிந்தது.

புளூமர் வந்தது மார்ச்சில். சீசன் பெரும்பகுதி முடிந்துவிட்டது. செப்டம்பரிலிருந்து அந்த முன்வரிசையைத் தாங்கியவர் காமன். 1905ல் வாங்கிய காப்பீடு பலித்தது 1906ல். எல்லோரும் தப்பான வருடத்தைக் கொண்டாடுகிறார்கள்.

கோட்டுக்காவலர் | #20

இதை ஏற்கிறேன். #1ல் நான் போட்ட சந்தேகத்துக்கு இதுவே பதில்: காப்பாற்றினார், ஆனால் சொல்லப்படும் சீசனில் இல்லை.

உள்இடது | #21

நாலு கோல் கணக்கு அருமை. பின்வாங்குறேன். ஆனா ஒரு மறுப்பு: மார்ச்ல வந்த புளூமருக்கும் அந்த நாலு கோல்ல பங்கு இருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் தப்பிச்சாங்க, மொத்தச் செலவு 1750.

கணக்கப்பிள்ளை | #22

அது நியாயம். அதன் பலன் அடுத்த வருடங்களிலும் தெரிந்தது: 1907–08ல் மிடில்ஸ்பரோ 6வது. 1910ல் இருவரும் போனார்கள், புளூமர் டெர்பிக்கே திரும்பினார்.

சிவப்புக்கொடி | #23

போனது நல்ல நேரம். அதே 1910 டிசம்பர் 3ல் சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், மிடில்ஸ்பரோ மேனேஜர் ஆண்டி வாக்கர், எதிரணிக் கேப்டன் சார்லி தாம்சனிடம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் பணம் பேசினார். மிடில்ஸ்பரோ கிளப்பின் தலைவர் தாமஸ் கிப்சன் பூல் அப்போது நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கிறார். வெற்றி வாக்காகும் என்று கணக்கு. தாம்சன் புகார் செய்தார். மிடில்ஸ்பரோ 1–0 என்று ஜெயித்தது, பூல் தேர்தலில் தோற்றார், இருவருக்கும் கால்பந்தில் நிரந்தரத் தடை.

நடுப்பாதி | #24

ஆர்சனல் காலம் எப்படி? முப்பது வயசுல போனார் இல்லையா?

தோல்பந்து | #25

ஆமாம். அப்போது ஆர்சனல், பிற்கால மைதானமான ஹைபரிக்கு இன்னும் போகவில்லை. தெற்கு லண்டன் பிளம்ஸ்டெடில் மேனர் கிரவுண்ட். கிளப் கடனில் தத்தளித்து, 1910ல்தான் ஹென்றி நாரிஸ் கைக்கு வந்தது. காமனுக்கு அங்கே 77 லீக் ஆட்டம், 23 கோல். வேகம் குறைந்த காலத்துக்கு மோசமில்லை.

1912–13ல் ஆர்சனல் சரிந்தது. 38 ஆட்டத்தில் 3 வெற்றி, 26 கோல், 18 புள்ளி, கடைசி இடம். அந்தச் சீசனின் நடுவே டிசம்பரில் காமன் பிரெஸ்டனுக்குப் போனார், 250. பிரெஸ்டன் அதே சீசனில் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். ஆர்சனல் இறங்கி வந்த படியிலேயே காமன் ஏறிப்போனார். ஆனால் 1913–14ல் பிரெஸ்டன் 19வது முடித்து மறுபடி கீழே. காமன் அத்தோடு நிறுத்தினார், வயது 34.

நடுப்பாதி | #26

ஒப்பந்தம் முடிஞ்சும் ஆளைப் பிடிச்சு வெச்சுக்கிற இந்த ரிடெயின் முறையை யாரும் நீதிமன்றத்துல எதிர்க்கலையா?

சிவப்புக்கொடி | #27

எதிர்த்தார்கள். 1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர் சங்கம் தொடங்கியது. பில்லி மெரெடித்தும் சார்லி ராபர்ட்ஸும் முன்னணியில். சங்கம் நடத்திய பெரிய வழக்கு ஹெர்பர்ட் கிங்கபியுடையது, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, 1912ல்.

ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1910 வரை சதர்ன் லீக் (தெற்கு அணிகளின் தனி லீக்) அணிகள் ஃபுட்பால் லீக்கின் பட்டியலை மதிக்க வேண்டியதில்லை. விலை அதிகமாகப் போட்டு ஆளை முடக்கினால் அவர் தெற்கே போய் ஆடலாம், கட்டணமில்லாமல். 1910ல் இரண்டு லீக்கும் ஒருவர் பட்டியலை ஒருவர் மதிப்பதாக ஒப்புக்கொண்டன. ஓட்டை அடைபட்டது, கிங்கபி சிக்கினார்.

கிங்கபி தரப்பு, வில்லா கெட்ட எண்ணத்தோடு விலை ஏற்றியது என்று வாதித்தது. நீதிபதி ஜூரி வரை விடாமலேயே தள்ளினார். முறையே சட்டத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியை நேராகக் கேட்டிருக்க வேண்டும். அது ஈஸ்டாம் வழக்கில் 1963ல்தான் கேட்கப்பட்டது, ஆட்டக்காரர் ஜெயித்தார். வாரச் சம்பள வரம்பு 1961ல் போய்விட்டிருந்தது. 1910ல் வரம்பு 5 பவுண்டாக ஏறியது மட்டும்தான் காமன் தலைமுறை கண்ட முன்னேற்றம்.

நடுப்பாதி | #28

கடைசியா ஒண்ணு. 1000 பவுண்டு இன்னைக்கு எவ்வளவு?

கணக்கப்பிள்ளை | #29

விலைவாசிக் கணிப்பான் எதையும் நம்பாதீர்கள். அது ரொட்டி விலையைப் பெருக்கிக் காட்டும். கால்பந்து ரொட்டியைவிட வேகமாக ஏறிய பொருள். வாசல் கணக்குப் போடுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு லீக் விதித்த குறைந்தபட்ச நுழைவுக் கட்டணம் ஆறு பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, ஆகவே 40 பேர். 1000 பவுண்டுக்கு 40,000 பேர். எயர்சம் பார்க்கை ஒருமுறை நிரப்பி, வந்த காசு முழுதையும் எடுத்துச் சண்டர்லேண்டுக்குக் கொடுத்தது போல. சம்பளம், ரயில் டிக்கெட், மைதானச் செலவு எல்லாம் அடுத்த ஆட்டத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதனையாகவும் நீடிக்கவில்லை. 1913ல் டேனி ஷே பிளாக்பர்னுக்கு 2000. 1928ல் டேவிட் ஜாக் ஆர்சனலுக்கு 10,890. காமன் அப்போது டார்லிங்டன் பக்கம் பப் நடத்திக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காவலர் | #30

பப் இருந்த இடம் காக்கர்டன், பெயர் ஆல்மா. 1946 ஏப்ரலில் டார்லிங்டனில் இறந்தார், 65 வயது.

#1ல் "காப்பாற்றியவர்" வரிக்குப் பக்கத்தில் 1905–06 என்று திருத்திவிடுகிறேன். #8ல் ஃபோக்கின் எடையையும் ஒன்றரை ஆளாகக் குறைத்துவிடுகிறேன், உள்இடது தம்பிக்காக.